சோதிக்காத விதை

மண் மொடாவின் வாயை அடைத்திருந்த சாணிப் பூச்சை அரிவாள் முனையால் நெம்பி எடுத்துவிட்டு உள்ளே கையை விட்ட முனியாயி, கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். விரல்களில் நொச்சி இலை சரசரத்தது. பூச்சி அண்டாமலிருக்க விதைக்குத்தான் நொச்சி போடுவார்கள்; தின்கிற சாமைக்கு யாரும் போடுவதில்லை. ஒரு பிடி அள்ளி, கூரை ஓட்டை வழியாகப் பரணில் விழுந்த வெளிச்சத்தில் காட்டினாள். வேகவைத்துக் காயப்போட்ட சாமை கொஞ்சம் கருத்திருக்கும். இது வெளுப்பாக இருந்தது. நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். பச்சை மாவு நாக்கில் ஒட்டியது.

இது விதைச்சாமை. ஆடி பிறக்கும் முன்பே திண்ணனூர் நாட்டுக்குப் போயிருக்க வேண்டிய விதை. அது இங்கே இருக்கிறதென்றால் அங்கே போனது எது என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. வெந்த சாமை முளைக்காது என்பது தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும்.  மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; திண்ணனூர் அவள் பிறந்த நாடு. அங்கே எல்லையோர மானாவாரிக் காடுகளில் ஒரு குருத்துகூடத் தலைகாட்டவில்லை என்று நாலைந்து நாளாகப் பேச்சு. அவளுடைய அண்ணன் மாதனின் காடும் அதில் ஒன்று. வெளியே வாசலில் கொடுவாள் தீட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தீட்டிக்கொண்டிருந்தவர்கள் பெரக்கரை நாட்டு இளவட்டங்கள். நடுவில் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மாமனார் வெள்ளையன். அவருடைய வாசலில் கொடுவாள் தீட்டும் சத்தம் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓடும் ஓடைத் தண்ணீருக்காகக் களத்துமேட்டில் தீ வைத்தார்கள், மாட்டின் காலை வெட்டினார்கள், கடைசியில் ஆளை வெட்டினார்கள். செத்தவர்களில் வெள்ளையனின் தம்பியும் ஒருவன். பிணத்தை எடுத்த கையோடு பழிவாங்கக் கிளம்பியவர்களை வெள்ளையன்தான் மறித்தார். கெஞ்சினார், திட்டினார், பாதையில் குறுக்கே படுத்தார். பிறகு தனியாகத் திண்ணனூருக்கு நடந்து போய் ஒரு ஏற்பாட்டைப் பேசி முடித்தார். எல்லையோரக் காடுகளில் இவர்கள் விதையை அவர்கள் விதைக்க வேண்டும், அவர்கள் விதையை இவர்கள் விதைக்க வேண்டும். தன் வீட்டு விதை நிற்கும் காட்டில் எவனுக்குத் தீ வைக்க மனசு வரும்?

அதில் ஒரு கட்டுப்பாடும் வைத்தார். விதையைச் சோதிக்கக் கூடாது. எந்தக் குடியானவனும் விதை வாங்கினால் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டிவைத்து, முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காட்டில் தெளிப்பான். "கட்டிப் பாத்து வாங்குனா அது யாவாரம். பாக்காம தெளிச்சாத்தான் அது ஒறவு" என்று அன்றைக்கு வெள்ளையன் சொன்னார். அதிலிருந்து இரண்டு நாட்டிலும் யாரும் கட்டிப் பார்த்ததில்லை. கொண்டு கொடுத்துச் சம்பந்தமும் நடந்தது. அப்படி வந்தவள்தான் முனியாயி. பெரக்கரையின் விதை முழுவதும் வெள்ளையன் வீட்டுப் பரணில் இருக்கும். குளித்துவிட்டு அவரே ஏறி, அவர் கையாலேயே வள்ளம் வள்ளமாக அளந்து கூடையில் போட வேண்டும். அளக்கிற அன்று வேறு கை படக்கூடாது. அதுவும் அவர் வைத்ததுதான். தன் கையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கொஞ்சம் கர்வம் என்றும் சொல்லலாம்.

அவருடைய பேர் மலைக்குக் கீழேயும் பரவியிருந்தது. கதர் கட்டிய ஒருவர் சேலத்திலிருந்து ஒருமுறை ஏறி வந்து, அவரைப் பக்கத்தில் நிறுத்தி நெடுநேரம் பேசினார். பேச்சில் பாதி யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு கதர்த் துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். போன வருடம் அந்தக் கதர்க்காரரைச் சிறையில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். துண்டு மட்டும் வெள்ளையனின் தோளில் கிடந்தது. அதே சமயத்தில்தான் பேளுக்குறிச்சிச் சந்தையில் தமுக்கடித்துப் பட்டாளத்து வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மிளகு விற்கப் போன அவருடைய மகன், முனியாயியின் புருஷன் ராசு வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே லாரி ஏறிவிட்டான். "ஊருச் சண்டையெல்லாம் தீத்து வெச்சவரு, வெள்ளைக்காரன் சண்டையத் தீத்து வெக்கறதுக்கு மவனை அனுப்பிட்டாரு" என்று சந்தையில் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். 

"ஏனுங்க பெரியவரே, ஒத்த வார்த்தை சொல்லுங்க போதும்" என்றான் காளியண்ணன். இளவட்டங்களில் அவன்தான் முன்னால் நிற்பவன். "நாம குடுத்தது நல்ல வெதைன்னு சொல்லீருங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"என்னத்தடா பாப்பீங்க?"

"வெந்த வெதையக் குடுத்துட்டோம்னு ஊரு பூரா சொல்றானுவ. நேத்து நம்ம மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுவ. அவனுவ வெதைய ஈரத்துல போட்டுக் கெடுத்துட்டு நம்ம மேல பழி போடறானுவ. கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

வெள்ளையன் வாயைத் திறக்கும் முன் வாசற்படியில் முனியாயியின் குரல் கேட்டது. "மாமா, செத்த உள்ள வந்துட்டுப் போங்க."

உள்ளே போனவரின் உள்ளங்கையில் அவள் ஒரு பிடிச் சாமையை வைத்தாள். அவர் அதைக் கண்ணருகே கொண்டு போகவில்லை. விரலால் உருட்டினார். இரண்டு மணியை வாயில் போட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கூரை ஒழுகுச்சுங்க மாமா" என்றாள்.  "அவிய இருந்திருந்தா புல்லு மாத்தியிருப்பாங்க. வெத மொடா மேல சொட்டவும் நாந்தான் அதையும் திங்கற மொடாவையும் எடம் மாத்தி வெச்சேன். நீங்க அளந்தன்னிக்கு நான் சந்தைக்குப் போயிட்டனுங்க. எப்படியும் பாத்துத்தானே எடுத்திருப்பீங்கன்னு அப்புறம் பரண் ஏறிப் பாக்கவேயில்லைங்க..."

"பாக்கலை கண்ணு. பாக்க முடியலை."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெயில் கூசுகிறது என்று அவர் தலையைக் குனிந்துகொள்வதும், ஆள் பேசிய பிறகே பேர் சொல்லிக் கூப்பிடுவதும், சந்தைக்கு வருவதை நிறுத்தியதும் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது. அவருக்கு வேறொன்று விளங்கியது. அன்று மொடாவுக்குள் கையை விட்டபோதே நொச்சி இல்லையே என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. மருமகள் போட மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டாரா, அப்படி வைத்துக்கொண்டாரா? கேட்டிருக்கலாம். கேட்டால் கண் போன விஷயம் வெளியே வந்துவிடும். பார்வையற்றவன் கையால் எவன் விதை வாங்குவான்? அதனால் கேட்கவில்லை.

இருட்டான அந்த வீட்டுக்குள் நின்றபடி அவர் ஒரு கேவலமான கணக்கும் போட்டார். வெளியே தெரிந்தால்தானே? தெரிந்தவள் இவள் ஒருத்தி. இவள் வாயைத் திறக்க மாட்டாள். அல்லது, மொடாவை மாற்றி வைத்தது இவள் என்று மட்டும் சொன்னால் போதும். சொல்வதில் பொய்யும் இல்லை. திண்ணனூர்க்காரி, வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று காளியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். முப்பது வருடத்துப் பேர் அப்படியே நிற்கும். இப்படி நினைத்ததற்காக அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைத்தார்.

வெளியே வந்து, சத்தம் வந்த திசையைப் பார்த்து நின்றார்.

"வெந்ததைத்தான்டா குடுத்தேன். எனக்குக் கண்ணு தெரியலை. ஒரு வருசமா மறைச்சுட்டேன்."

தீட்டுகிற சத்தம் நின்றது. யாரோ இருமினார்கள். காளியண்ணன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "சரிங்க. இது இந்த வாசலோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா நாளைக்கு நம்மள எவன் மதிப்பான்?"

"தெரியாம இருந்தா நாளைக்கு உங்கள்ல எத்தனை பேரு இருப்பீங்க? நல்ல வெத மொடா உள்ளதான் இருக்கு. தூக்குங்க, திண்ணனூருக்குக் கொண்டு போவோம்."

"நீங்க என்ன சொன்னாலுஞ் செரி, அந்த மொடாவ நாங்க யாரும் தூக்க மாட்டமுங்க."

முனியாயி அதற்குள் பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிவிட ஆள் வரவில்லை. வெள்ளையனே தடுமாறித் தடவி மொடாவின் அடியைப் பிடித்து ஏற்றிவிட்டார். அதில் இருந்தது விதை மட்டுமல்ல, இனி அந்த வீட்டில் தின்ன மிச்சமிருந்த தானியமும் அதுதான். அறுப்பு வரைக்கும் தின்ன வேண்டியது திண்ணனூர் மண்ணில் அழுகிக்கிடந்தது. யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோய்க் கீழ்நாட்டிலும் படி அரிசிக்கு ஆட்கள் அடித்துக்கொண்ட வருடம் அது.  முனியாயி முன்னால் நடந்தாள். அவள் கையிலிருந்த குச்சியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

பெரக்கரைப் பக்கத்துக் காடுகளில் சாமை கணுக்கால் உயரம் எழுந்து நின்றது. திண்ணனூர்க்காரர்கள் கொடுத்த விதை. பயிர் காலில் உரசியபோது அவருக்கு நடக்கவே கூச்சமாக இருந்தது. ஓடையைத் தாண்டியதும் உரசல் நின்றது. வெறும் மண்.

ஓடைக்கரைப் பாறையில் மாதனும் அவனுடைய ஆட்களும் காத்திருந்தார்கள். அவர்கள் கையிலும் கொடுவாள் இருந்தது. தங்கை தலையில் பாரத்தைக் கண்டதும் மாதன் தன்னை அறியாமல் எழுந்து வந்து மொடாவைப் பிடித்து இறக்கிவைத்தான். பிறகுதான் கோபம் நினைவுக்கு வந்தவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளையன் எதையும் குறைக்காமல் சொன்னார். கண்ணைச் சொன்னார், நொச்சியைச் சொன்னார். மொடாவை மாற்றி வைத்தது யாரென்று மட்டும் சொல்லவில்லை.

மாதன் கேட்டு முடித்தான். "தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்றீங்க. நம்பறோம்னே வெச்சுக்குவோம் மாமா. தெரியாம நடந்துச்சுன்னா மட்டும் மொளச்சுருமா? எம் புள்ளைங்க காட்டுக்கெழங்கு தோண்டித் திங்குதுங்க."

"எங்க காட்டுல நிக்கறது உங்க வெத. அறுக்கையில எம் பங்கு முழுக்க உங்களுது. மத்தவிய பங்குல பாதியக் கேட்டு வாங்கித் தரேன்."

"காளியண்ணன் ஒத்துக்கிட்டானா?"

"இல்ல."

 பொய்யாக ஆமாம் என்று சொல்லியிருந்தால் மாதனுக்குக் கத்துவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

"இந்த மொடா?"

"இதுதான் வெத. ஆவணி முடியறதுக்குள்ள தெளிச்சா ஏதோ தேறும். ஆனா ஒழுகுற கூரைக்கடியில இருந்துச்சு. மொளைக்குமான்னு எனக்குத் தெரியாது." வெள்ளையன் நிறுத்தினார்.  தம்பியின் பிணத்தைத் தாண்டி நடந்து வந்து, இதே பாறையில் நின்று வைத்த கட்டுப்பாட்டை அவரே உடைத்தார். "சோதிச்சுப் பாரு மாப்ள."

யாரும் அசையவில்லை. அவர்களில் பலர் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காரியம் இந்தப் பாறையில் நடந்ததில்லை. மாதனின் மனைவி பாப்பாயிதான் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மொடாவின் மேலேயிருந்து ஒரு பிடி, நடுவிலிருந்து ஒரு பிடி, கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். "துணி வேணுமே" என்று சுற்றிலும் பார்த்தாள். வெள்ளையன் தோளிலிருந்த கதர்த் துண்டை எடுத்து நீட்டினார். அவள் அதை ஓடையில் நனைத்துப் பிழிந்து, சாமையை உள்ளே பரப்பி மடித்துப் பாறைச் சரிவின் நிழலில் வைத்தாள்.

"மொளைக்கற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார் வெள்ளையன். இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை, போகச் சொல்லியும் சொல்லவில்லை.

முனியாயி வேளாவேளைக்குத் துண்டின் மேல் தண்ணீர் தெளித்தாள். அக்கரை மேட்டில் காளியண்ணனும் ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். இறங்கி வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. இக்கரையில் மாதனின் ஆட்கள். பாப்பாயி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாம் நாள் பொழுதிறங்கும் நேரத்தில் ஆகாயவிமானம் ஒன்று மேகத்துக்குள் உறுமிக்கொண்டு கிழக்கே போனது. இரண்டு கரையிலும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் சத்தத்தை மட்டும் கேட்டார்.

"மச்சான் எங்கீங்க இருக்காரு இப்ப?" மாதன் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அசாமுன்னு சொல்றாங்க. ரோடு போடறானாம்."

"யாரு போறதுக்கு?"

"தெரியல மாப்ள."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது முனியாயி பாறையில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பனி இறங்கியிருந்தது. வெள்ளையன் தவழ்ந்து போய்த் துண்டைத் தடவிக் கண்டுபிடித்தார்.  இதுவும் பொய்த்தால் அந்த மேட்டிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள், இந்தக் கரையிலிருந்து ஏறுவார்கள். நடுவில் படுத்து மறிக்க இந்த முறை அவருடைய வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. மடிப்பை மெல்ல விலக்கி, விறைத்துப்போன ஆள்காட்டி விரலை ஈரத்துக்குள் நுழைத்தார். மணிகள் வழுக்கின. ஒன்றின் நுனியில் என்னவோ துருத்திக்கொண்டு விரலைத் தொட்டது. முளையா, உமியின் பிசிறா? இன்னொன்றைத் தொட்டார். அதில் ஒன்றும் இல்லை. மறுபடி முதல் மணியைத் தேடினார். அது கிடைக்கவில்லை.

நொச்சியின் நினைப்பு வந்தது. விரல் சொன்னதை அன்றைக்கு யாரிடமும் கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். "எனக்குத் தெரியலை. வந்து பாருங்க."

ஈர மண்ணில் காலடிச் சத்தம் கிட்டே வந்தது. மாதன் பக்கத்தில் குந்தினான். அவனுடைய மூச்சு அவர் கன்னத்தில் பட்டது. வெளிச்சம் இன்னும் அவனுக்கும் போதவில்லை போலிருக்கிறது. அவன் துண்டின் மடிப்புக்குள் கையை விட்டான். ஈரச் சாமைக்கு நடுவே அவனுடைய தடித்த விரல் அவருடைய விரலைத் தொட்டு, விலகாமல், அங்கேயே தேடத் தொடங்கியது.