தொண்ணூற்றைந்து பவுண்டு

நர்சுக்குப் படிக்கப் போவதற்கு லூர்துமேரியிடம் எல்லாம் இருந்தது, உடம்பில் எடை ஒன்றைத் தவிர.

டாக்டருக்குப் படிக்கத்தான் அவளுக்கு ஆசை. அதற்கு இன்னும் மூன்று வருஷம் ஹைஸ்கூல், அப்புறம் காலேஜ், அப்புறம் மெட்ராஸில் நாலைந்து வருஷம் என்று டீச்சரம்மா விரல்விட்டுச் சொன்னபோது, எண்ணி முடிப்பதற்குள்ளேயே அப்பன் ராயப்பனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. "நர்சுக்கு எட்டாவது போதும்ங்க. சோறும் துணியும் குடுத்துச் சொல்லித் தர்றாங்க. மொதல்ல உள்ள நுழையட்டும். மேல ஏற வழி அங்க போனா தெரியும்" என்றாள் டீச்சரம்மா. நல்லவள். தேர்வு நடப்பது விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் என்பதையும், மெட்ராஸிலிருந்து டாக்டரம்மா ஒருத்தி வந்து ஆள் எடுக்கிறாள் என்பதையும் விசாரித்து, அச்சடித்த தாளையும் வாங்கிவைத்திருந்தாள்.

வயசு பதினெட்டு. இருந்தது. எட்டாவது பாஸ். இருந்தது. நடத்தைச் சான்று பங்குச் சாமியார் கொடுத்தார். அம்மை குத்திய தழும்பு இரண்டு கையிலும் இருந்தது. கடைசி வரியில்தான் வந்தது வினை. எடை தொண்ணூற்றைந்து பவுண்டுக்குக் குறையக் கூடாதாம். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டாமா?

"பவுண்டுன்னா நம்ம கணக்குல எவ்ளோங்க?" என்று கேட்டான் ராயப்பன்.

"முப்பத்தோரு வீசை வெச்சிக்கோங்க."

ராயப்பனுக்குச் சிரிப்பு வந்தது. எடையைப் பற்றி அவனிடமா? திண்டிவனத்தில் வெங்கடாசலத்தின் மல்லாட்டை மண்டியில் (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்று பேர்) பதினெட்டு வருஷமாகத் தராசு பிடிப்பவன் அவன். மூட்டையைத் தட்டில் ஏற்றி, எதிர்த்தட்டில் கல்லைப் போட்டு, முள் நின்றதும் எடையைக் கூவுவது அவன் குரல். அவன் கூவிவிட்டால் அப்பீல் கிடையாது. "ராயப்பன் கை பொய் சொல்லாது" என்று சுத்துப்பட்டு ஊரெல்லாம் பேச்சு. கஞ்சி குடிக்காமல்கூட இருப்பான், அந்தப் பேச்சு இல்லாமல் அவனால் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மகளை மண்டிக்கு அழைத்துப்போய்த் தட்டில் உட்காரவைத்தான். பழக்கதோஷம், மண்டி வழக்கப்படி ஒன்றுக்குப் பதில் "லாபம்" என்று வாய் தன்னால் முதல் கல்லை எண்ணத் தொடங்கியது. மூட்டை தூக்கும் துரைக்கண்ணு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். முள் நின்றபோது இருபத்தேழு வீசை.

"இன்னாண்ணே, அரை மூட்டைகூடத் தேறல. பொண்ணுக்குச் சோறு போடறியா, இல்ல காத்து ஊதி வுடறியா?" என்றான் துரைக்கண்ணு.

நாலு வீசை குறைச்சல். தேர்வுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவன் பெண்சாதி சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அன்று தொடங்கியது அந்தப் பெண்ணுக்குச் சனியன். விடியும் முன் தேங்காய்ப்பால். அப்புறம் கேப்பைக் களி, உள்ளே குழி பறித்து நல்லெண்ணெய். பத்து மணிக்கு வெல்லத்தோடு வறுத்த மல்லாட்டை. மத்தியானம் சோறு, முட்டை. தெருவே இதில் சேர்ந்துகொண்டது. ஒருத்தி வாழைப்பழம் கொண்டுவந்தாள், ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். "ஓடாதடி, கரைஞ்சிடும்" என்று தண்ணீர்க் குடத்தைக்கூட அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

"யம்மா, வேணாம்மா. வயிறு வெடிச்சிடும்."

"வெடிக்கட்டும். நர்சாயிட்டு நீயே தச்சிக்கோ."

ஒவ்வொரு ஞாயிறும் தராசு ஏறினாள். இருபத்தெட்டு ஆயிற்று. இருபத்தொன்பது ஆயிற்று. அதோடு நின்றுவிட்டது. கழுதை மாதிரி கால் ஊன்றிக்கொண்டது முள். தேர்வுக்கு முதல் நாளும் அதே இருபத்தொன்பதுதான்.

அன்று சாயங்காலம் ராயப்பன் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் பெற்றவன் வயிறு. மண்டியிலிருந்து இரண்டு வீசைக்கல்லை "நாளைக்கு மறுநா தர்றேங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஒரு துணியில் வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி மகளிடம் கொடுத்தான்.

லூர்துமேரி அதைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள். "நைனா, நீயா இத செய்யற?"

"ஒரு தபாதான் மா. உள்ள போயிட்டா அப்புறம் யாரும் நிறுக்க மாட்டாங்க. ரெண்டே வீசைக்காக உன் பொழப்பு போவணுமா?"

அவள் துணியை வாங்கினாள். சொன்னபடி கட்டிக்கொண்டாள்.

காலை ரயிலில் மயிலம், விக்கிரவாண்டி எல்லாம் தாண்டிப் போய் இறங்கினார்கள். விழுப்புரத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்பது பெண்கள் நின்றார்கள். இடமோ ஆறு. மகளைக் கூப்பிட்டபோது அவன் கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தான்.

டாக்டரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நர்சு ஒருத்தி, ஆள் ஏறி நின்று எடை பார்க்கிற மிஷினைக் காட்டி, "ஏறும்மா" என்றாள். லூர்துமேரி ஒரு காலை வைத்தாள். எடுத்துவிட்டாள். திரும்பி நின்று இடுப்பை அவிழ்த்தாள். இரண்டு இரும்புக் கல்லும் மேஜைமேல் ணங் ணங்கென்று உட்கார்ந்தன.

"என்னம்மா இது?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"வீசைக்கல்லுங்க. ரெண்டு வீசை கொறையுதுன்னு நான்தான் கட்டிக்கினு வந்தேங்க. மருந்து நிறுத்துக் குடுக்கற எடத்துல பொய் எடையோட ஏற மனசு வரலீங்க. நான் போறேங்க."

ராயப்பன் அப்போதும் கதவோரமே நின்றிருந்தால் மனுஷனே இல்லை. உள்ளே போய்விட்டான். "அது சொல்றது பொய்யிங்க. கட்டச் சொன்னது நான்தாங்க. கொழந்தை மேல தப்பு இல்லீங்க" என்று கும்பிட்டான்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வந்தது வந்துட்டே. இப்போ ஏறு" என்றாள் பெண்ணிடம்.

ஏறினாள். நர்சு முள்ளைப் பார்த்து, "நூத்தியொண்ணு" என்றாள்.

"தொண்ணூத்தஞ்சு போதுமே. எதுக்கு இந்தக் கல்லு?"

சந்தோஷப்பட வேண்டிய ஆள் என்ன செய்தான் தெரியுமா? தராசுக்காரப் புத்தி சும்மா இருக்குமா? "தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க மிஷின்ல கோளாறு இருக்குது. நேத்து நான் நிறுத்தேன், இருபத்தொம்போது வீசைதான். தொண்ணூறே வராது. என் தராசு தப்பாதுங்க" என்றான். லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கும் அடம் உண்டு போலிருக்கிறது. "அப்படியா, வாங்க" என்று கல்லோடு அடுத்த அறைக்கு அழைத்துப்போனாள். பிறந்த குழந்தைகளை அவுன்சு பிசகாமல் நிறுக்கிற தராசு அது. ஒட்டுப் பிரிக்காத ஒரு பவுண்டுப் பஞ்சுக்கட்டு ஒன்றை முதலில் அதில் வைத்தாள். சரியாக ஒரு பவுண்டு. "உங்களுக்குச் சம்மதமா?" என்றாள். ராயப்பன் குனிந்து முள்ளைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு இரண்டு கல்லையும் வைத்தாள்.

"ரெண்டு வீசைன்னா ஆறு பவுண்டும் கொஞ்சமும் இருக்கணும். இது ஏழு."

"நல்ல கொழுகொழு புள்ள" என்று சிரித்தாள் நர்சு.

ராயப்பன் சிரிக்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. வாங்குகிற தராசுக்கு வெங்கடாசலம் கனத்த கல்லாக வார்த்து வைத்திருக்கிறான். கல் கனத்தால் மூட்டை இளைக்கும். மகள் எடை மட்டுமா குறைந்தது? பதினெட்டு வருஷமாகக் கோலியனூரிலிருந்தும் மயிலத்திலிருந்தும் வண்டி கட்டி வந்தவர்களின் மல்லாட்டை எல்லாம் குறைந்தது. அத்தனையையும் கூவிச் சொன்னது அவன் வாய்.

"கடுதாசி வரும், போங்க" என்றாள் டாக்டரம்மா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை மண்டியில் அவன் கல்லை மேஜைமேல் வைத்தான். வெங்கடாசலம் வெற்றிலை மென்றுகொண்டே, "பொண்ணு எடை தேறிச்சா?" என்று கேட்டான்.

"பொண்ணு தேறிச்சுங்க. கல்லுதான் தேறல. ஆஸ்பத்திரியில வெச்சிப் பாத்தோம்."

மெல்லுவது நின்றது. "அதெல்லாம் எல்லா மண்டியிலயும் இருக்கறதுதாம்பா. ஊரோட ஒத்துப் போ. அதோ மல்லாட்டையோட கெங்கம்மாள் வண்டி நிக்குது, ஜல்தி நிறு."

"வேற கல்லு போட்டா நிறுக்கறேங்க."

"அப்போ வூட்டுல போய் உக்காரு."

போய் உட்கார்ந்தான். ஆனால் வெங்கடாசலம் ஒன்றை யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷம் கூவிய வாய் திடீரென்று மூடினால் ஊர் சும்மா இருக்குமா? வண்டியை விட்டு இறங்கிய கெங்கம்மாள் நேரே ராயப்பன் வீட்டு வாசலுக்கு வந்து, "யாம்பா நிறுக்கல?" என்று கேட்டாள். இவன் உள்ளதைச் சொன்னான். அவள் தொண்டை ராயப்பன் தொண்டையைவிடப் பெரிசு. சாயங்காலத்துக்குள் சந்தைமேடு முழுக்க விஷயம் போய்விட்டது. வண்டிகள் மண்டி வாசலில் நிற்காமல் அடுத்த மண்டிக்குப் போயின. மண்டிக்காரன் அரண்டுபோனான்.

வீட்டில் லூர்துமேரிதான் இடிந்துபோயிருந்தாள். தனக்கு வர இருந்த இடமும் போயிற்று, அப்பன் வேலையும் போயிற்று என்று நினைத்தாள். ஆறாம் நாள் தபால்காரர் கடுதாசி கொண்டுவந்தார். டீச்சரம்மா வந்து படித்தாள். ஜூலை முதல் தேதி மெட்ராஸில் சேர வேண்டும், வெள்ளைச் சேலை இரண்டு கொண்டுவர வேண்டும். நாற்பது பேரில் எடுத்த ஆறு பேரில் முதல் பேர் லூர்துமேரி.

சவுரியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். தெருவே கூடிவிட்டது. ஊட்டி வளர்த்த உரிமையில் ஆளாளுக்கு, "எல்லாம் என் கருவாட்டுக் குழம்பு" என்றும் "என் வாழைப்பழம்" என்றும் பங்கு கேட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் லூர்துமேரி அப்பனிடம் வந்தாள். "நான் போவல நைனா. நீ வேல இல்லாம இருக்கறப்போ நான் எப்புடிப் போறது? மண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்த தணிஞ்சு பேசினா சேத்துக்குவாரு. நீ எதுக்கு வேலய வுட்ட?"

ராயப்பன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"டாக்டரம்மா முன்னாடி நீ கல்ல அவுத்து மேஜமேல வெச்ச. அத கண்ணால பாத்துட்டு வந்து, அதே கல்ல நான் எப்புடிம்மா தட்டுல போடறது?"

அப்போது துரைக்கண்ணு மூச்சிரைக்க வாசலுக்கு வந்து நின்றான். புதுக் கல் வந்திருக்கிறதாம், தாலுகா ஆபீஸ் முத்திரை போட்டதாம். ராயப்பன் வந்து தராசு பிடித்தால்தான் மூட்டையை இறக்குவோம் என்று வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

ராயப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நீ வெள்ளைச் சேலை ரெண்டுக்குச் சொல்லி வை" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தான்.