பூட்டிய வால்வு

யாழ்ப்பாணத்து அரியாலைக் கடலில் இறால் பிடித்த இளையதம்பிக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வலிக்கென்று சென்னையில் அவருடைய வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சிறு மருந்துப் பெட்டியை வைத்துத் தைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து ரிமோட்டை அழுத்தினால், கம்பி எதுவும் இல்லாமலே உள்ளேயிருக்கும் நுண்ணிய வால்வு திறந்து, முதுகுத்தண்டுக்கு மருந்து போகும். அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும் என்பதால், ஒருமுறை திறந்த வால்வு சில மணித்தியாலங்களுக்குப் பூட்டியே கிடக்கும்.

மாசி மாதத்தில் வலி அந்தப் பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கவில்லை.

"கேதீஸ், இன்னொருக்கா அமத்து."

மனைவி கேதீஸ்வரி அழுத்தினாள். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, வால்வு திறக்கவில்லை. விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, "மருந்து வருது, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். அவர் முகம் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் அவள் அப்படியே செய்தாள். பொய் சொன்ன வாய் கசந்தது.

ஒரு பின்னேரம் அழுத்திவிட்டு அதே சொல்லைச் சொல்ல வாயெடுத்தாள். அழுகை முந்திவிட்டது.

"அது பூட்டிக் கிடக்கெண்டு எனக்கு முதல்நாளே தெரியும்," என்றார் இளையதம்பி.

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"நீ ஒண்டும் செய்யேலாமல் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறதை என்னாலை தாங்கேலாது."

அதற்குப் பிறகு வலி வந்தபோது அவர் மறைக்காமல் கத்தினார். அவள் எழும்பிப் போகாமல் அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தாள். பங்குனி பிறக்க முன்னம் அவர் செத்துப்போனார்.