நெரவி முத்தையன் அஞ்சுகம் அன்பளிப்பு

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. வாட்ஸப்பில் வந்தது. அனுப்பியவள் பஹீமா. கான்வென்ட்டில் என்னோடு படித்தவள், இப்போது அதே கான்வென்ட்டில் கணக்கு டீச்சர், நூற்றாண்டு மலர்க் கமிட்டியில் ஒருத்தி.

"மதி, மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா. தலைப்பு: என்னால் மறக்க முடியாத கிறிஸ்மஸ் பரிசு. ஏழாவதுல பொம்மை வாங்குனியே, அதைப் பத்தி எழுது. போட்டோ ஆபீஸ்லயே இருக்கு. உன் பேருக்குக் கீழ 'முதல் தலைமுறைப் பட்டதாரி'ன்னு போடுறோம்."

முதல் தலைமுறை. அப்படியென்றால் எனக்கு முன்னால் நடவு நட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? இந்தக் கேள்வியை அனுப்பவில்லை. 'சரி' என்று மட்டும் அனுப்பிவிட்டு, கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபமில்லாத கிறிஸ்மஸ் நினைவு வேண்டுமென்றால் மலரில் வேறு பக்கங்கள் இருக்கும். அங்கே போங்கள்.

2

முதல் தொடக்கம்: "டிசம்பர் பனியில் மின்னும் நட்சத்திரங்களைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சம்..."

நெஞ்சம் ஒன்றும் ஆகவில்லை. காரைக்காலில் டிசம்பரில் பெய்வது மழை.

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் பொம்மையைத் தந்த கரங்களுக்கு..."

கரங்கள் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. கை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா குடும்பம் ஒன்று, கிறிஸ்மஸ் லீவுக்குப் பாரிசிலிருந்து வரும்போதெல்லாம் பள்ளிக்கு ஐந்து பொம்மைகள் கொண்டுவரும். "வசதியற்ற மாணவிகள் மேடைக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். ஏழாவதில் அந்த ஐந்து பேரில் நான் ஒருத்தி. பொம்மைக்கு மஞ்சள் முடி. படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். போட்டோக்காரர் "சிரிம்மா" என்றதும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பொய் இல்லை.

ஆனால் மேடை நடந்தது காலையில். அதே நாள் மத்தியானம் வகுப்பில் ஒன்று நடந்தது. அதற்குப் போட்டோ கிடையாது. நான் எழுதப்போவது மத்தியானத்தைப் பற்றி.

3

எங்கள் கான்வென்ட்டில் 'கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்' என்று ஒரு வழக்கம். எல்லோருடைய பேரையும் சீட்டில் எழுதி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அவளுடைய பையில் ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் மிட்டாயோ கார்டோ போட வேண்டும். கடைசி நாள் பரிசு. கொடுத்தது யாரென்று வாங்கியவள் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஆறே பேர். கிறிஸ்மஸ் ஐம்பத்திரண்டு பேருக்கும் வந்தது.

(பள்ளியில் குடில் கட்ட வைக்கோல் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் திட்டித் தீர்ப்பார். குழந்தை இயேசு படுத்திருந்தது நெரவி வைக்கோலில். இதற்கும் போட்டோ இல்லை.)

எனக்கு வந்த சீட்டு, பஹீமா. அவள் வாப்பா துபாயில் இருந்தார். அவளுடைய பென்சில் பாக்ஸில் பட்டனை அமுக்கினால் ஷார்ப்பனர் வெளியே வரும். அப்படிப்பட்டவளுக்கு என்ன கொடுப்பது? அம்மாவிடம், "ஒரு நல்ல பேனா வாங்கிக் குடும்மா" என்றேன். அம்மா டவுனுக்குப் போய் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள்.

"பேனா ஒரு மாசத்துல தீந்துபோயிரும். இது ஆயுசுக்கும் கெடக்கும்."

டம்ளரைத் திருப்பினேன். கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதுபோலப் பேர் வெட்டியிருந்தது. நெரவி. முத்தையன் அஞ்சுகம். அன்பளிப்பு. மூன்று வரி, கீழே ஒரு பூ.

"ஐயோ, யாரு குடுத்தான்னு தெரியக் கூடாதும்மா! அதான் வெளையாட்டே!"

"ஏன் தெரியக் கூடாது? திருட்டுச் சாமானா?"

"அம்மா..."

"பேரு வெட்டாம ஒருத்தவங்களுக்குப் பாத்திரம் குடுப்பாங்களாடி? நாளைக்கி அவுங்க வூட்ல யாரு குடுத்ததுன்னு கேட்டா அந்தப் புள்ள என்ன சொல்லும், தெருவுல கெடந்துச்சுன்னா? பூவு பாரு. கடக்கார பாய் சும்மாவே போட்டுக் குடுத்தாரு."

அப்பா டம்ளரை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பேர் வந்ததும் நிறுத்திக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கொல்லையில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பிறகு மணல் போட்டுத் தேய்த்தேன். பேர் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

4

பஹீமா காகிதத்தைப் பிரித்தாள். [இங்கே அவள் முகத்தை வர்ணித்து ஆறு வரி எழுதியிருந்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வரியையும் எடுத்துவிட்டேன்.] டம்ளரைத் திருப்பிப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"நெரவி முத்தையன் அஞ்சுகம் அன்பளிப்பு!"

"ஏய் பஹீமா, ஒனக்குக் கல்யாணமாடி? சொல்லவே இல்ல!" என்றது பின்பெஞ்ச்.

"யாருடி அந்த முத்தையன்?"

"மொய் எழுதுங்கடி, மொய் எழுதுங்க!"

முதலில் சிரித்தவள் பஹீமாதான். வகுப்பில் நெரவியிலிருந்து வருபவள் நான் ஒருத்திதான். கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. அன்றிலிருந்து பத்தாவது முடிக்கும்வரை என் பட்டப்பேர் அன்பளிப்பு. "அன்பளிப்பு, ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?" "அன்பளிப்பு, ஒன்ன மிஸ் கூப்புடுறாங்க."

பஹீமா டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "எங்க வூட்ல பாத்திரம் நெறைய இருக்கு" என்றாள்.

இது முதல் பிரதி. பதினான்கு வருடமாக என் மண்டைக்குள் இருப்பதும் இதுதான். கீழே இன்னொன்று வரும்.

5

டம்ளரை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அம்மா கேட்பாள். வராந்தாவில் தண்ணீர் டிரம் இருந்தது. அதன் பிளாஸ்டிக் குவளை உடைந்து ஒரு மாதமாகப் பிள்ளைகள் கை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்மின் மேல் டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

லீவு முடிந்து வந்து பார்த்தால், டம்ளரின் விளிம்பில் துளை போட்டுச் சங்கிலி மாட்டியிருந்தார்கள். எங்கள் வகுப்பு ஃபேன் இறக்கையில் 'உபயம்' என்று ஒரு கடைக்காரர் பேர் சுற்றும். அதுபோல இதையும் யாரோ பள்ளிக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அதில்தான் தண்ணீர் குடித்தார்கள். நான் மட்டும் ஒரு நாளும் குடித்ததில்லை. வீம்பு.

ஒன்பதாவதில் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா வந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவள் டம்ளரைத் திருப்பினாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பூ தெரியும்.

"மதி! இது நம்ம டம்ளரு!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "ம்" என்றேன்.

"பள்ளிக்கொடத்துக்கே குடுத்துட்டியா?"

"ம்."

"அப்ப அந்தப் புள்ளைக்கி?"

"பேனா வாங்கிக் குடுத்துட்டேன்."

அம்மா இன்னொரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். தாகத்துக்கு இல்லை. பக்கத்தில் நின்ற யாருடைய அம்மாவிடமோ, "நாங்க குடுத்ததுங்க" என்றாள். அந்த வாரம் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நாலு வாய் மாறியதும், முத்தையன் வீட்டில் கான்வென்ட்டுக்குப் பாத்திரமெல்லாம் வாங்கிப் போட்டார்கள் என்று ஆனது. அப்பா மறுக்கவில்லை.

மறக்க முடியாத பரிசு எது என்று கேட்டாயே பஹீமா, இதுதான். நான் வாங்கியது இல்லை. நாங்கள் கொடுத்தது.

6

இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். மத்தியான இடைவேளையில் கூப்பிட்டாள்.

"மதி, கோவிச்சுக்காத. நான் எங்கடி தள்ளுனேன்?"

"தள்ளுன."

"அல்லாவே! சிரிச்சேன், அது உண்ம. இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு. ஆனா டம்ளர நீதான் என் கையிலேருந்து புடுங்கிட்டு ஓடுன. நான் வூட்டுக்குப் போயி உம்மாட்ட அழுதேன், எனக்குக் குடுத்தத அவளே எடுத்துட்டுப் போயிட்டான்னு. பாத்திரம் நெறைய இருக்குன்னு சொன்னது எம் பக்கத்துல ஒக்காந்திருந்த ஆரிபா."

டம்ளரின் விளிம்பு இரண்டு பேர் கையிலும் இருந்தது, ஒரு இழுப்பு இழுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. அவள் தள்ளினாள் என்றால் என் கோபத்துக்கு வசதி. ஆனால் இழுத்த கை என் கை.

இரண்டாம் பிரதி: நான் பிடுங்கினேன்.

(முதல் பிரதியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அதை நம்பித்தான் பதினான்கு வருடம் ஒருத்தியோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அது இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.)

"அப்புடிப் பாத்தா டம்ளரு என்னுதுடி," என்றாள். "என் சொத்த எடுத்துப் பள்ளிக்கொடத்துக்குக் குடுத்துருக்க. கேஸு போடவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு என் நிபந்தனையைச் சொன்னேன். மலரின் கடைசியில் பள்ளிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல் வருகிறது. பொம்மை கொடுத்த குடும்பம், ஃபேன் கொடுத்த கடைக்காரர், பெஞ்சு கொடுத்தவர்கள். அதில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: முத்தையன் – அஞ்சுகம், நெரவி. குடிநீர் டம்ளர் ஒன்று. அது வந்தால் என் பக்கமும் பொம்மைப் போட்டோவும் வரலாம். வராவிட்டால் இரண்டும் வரக் கூடாது. வாங்கியவளாக மட்டும் என்னை அச்சடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

"கமிட்டி சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நீ சிரிக்காம சொல்லு."

"ஆதாரம் கேப்பாங்க. ஆர்.ஓ. மிஷினு வந்தப்பவே அந்த டிரம்மு, டம்ளரு, சங்கிலி எல்லாம் போச்சு."

"நீதான் ஆதாரம்."

அந்தப் பக்கம் பெல் அடித்தது. அவள் உடனே வைக்கவில்லை.

"அப்ப கமிட்டியில மதர் முன்னாடி நான் எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லணும். சிரிச்சதையும்."

"ஆமா."

"வெள்ளிக்கெழம மீட்டிங்கு. பாக்குறேன்."

அது சரி என்பதும் இல்லை, முடியாது என்பதும் இல்லை.

7

ஒரு வரிக்கு இவ்வளவு வீம்பா என்று கேட்பீர்கள். அப்பா போய் மூன்று வருடம். அவர் பேர் பெரிய எழுத்தில் வந்தது ஒரே தடவை, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில். மலர் வெளியீட்டுக்கு அம்மா வருகிறாள். "பொஸ்தகத்துல குடுத்தவுங்க பேரெல்லாம் போடுறாங்களாமே" என்று இப்போதே இரண்டு தடவை கேட்டாயிற்று. யார் சொன்னார்களோ.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பஹீமா எழுந்து பேசுகிறாள், கமிட்டி கண்கலங்கிக் கைதட்டுகிறது. கைதட்டிய கமிட்டியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அடித்துவிட்டேன்.

பழைய சாமான் அறையில் தூசிக்கு அடியிலிருந்து டம்ளர் கிடைக்கிறது. எவர்சில்வர் என்றைக்கோ எடைக்குப் போயிருக்கும். அடித்துவிட்டேன்.

பட்டியலில் பேர் வரவில்லை. அம்மாவுக்குப் பட்டியலைப் படித்துக் காட்டும்போது, ஃபேன் கொடுத்தவருக்கும் பெஞ்சு கொடுத்தவருக்கும் நடுவில் அப்பா பேரை நானே சேர்த்துப் படிக்கிறேன். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை.

இதை அடிக்க ஒரு நாள் முழுக்கக் கை வரவில்லை. நடக்கக்கூடியது இதுதான். பேனா வாங்கிக் கொடுத்தேன் என்று கூசாமல் சொன்னவள் இதையும் சொல்லுவேன். அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது அம்மாவுக்கு நான் செய்கிற நல்லது இல்லை. அவர்கள் போடாத பேரை நான் போட்டு, அவர்கள் மானத்தை நான் காப்பாற்றிக் கொடுக்கிறேன். இன்னொரு உபயம்.

மாட்டேன். அடித்தாயிற்று.

8

இன்று வியாழன். நாளை மீட்டிங். பஹீமா எழுந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். [அவள் நல்லவள்தான், ஆனால்... / அவள் பயந்தவள்தான், ஆனால்... இரண்டையும் முடிக்கவில்லை.] கமிட்டி ஒத்துக்கொண்டு பிறகு அச்சகத்தில் வரி விழுந்துபோகலாம். ஒத்துக்கொள்ளாமலே என் பக்கத்தைப் போட்டுவிடலாம். எதுவும் நடக்கும்.

அதனால் இந்த வேலையை உங்களிடம் விடுகிறேன். வெளியீட்டு விழாவுக்கு வந்தீர்கள் என்றால், அம்மா நடு வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நான் வேண்டுமென்றே பக்கத்தில் இருக்க மாட்டேன். மலர் கைக்கு வந்ததும் அதைப் பின்பக்கத்திலிருந்து திறந்து, பக்கத்து நாற்காலிப் பக்கம் நீட்டுவாள். "குடுத்தவுங்க பேரு இதுல எங்கங்க இருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பாள். அந்த நாற்காலியில் இருப்பது நீங்களாக இருக்கலாம்.

பாவம் பார்க்காதீர்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள், இருப்பதை விடாதீர்கள். அச்சில் உள்ளதை முதல் பேரிலிருந்து கடைசிப் பேர்வரை படியுங்கள். சத்தமாகப் படியுங்கள். மேடைவரை கேட்க வேண்டும்.