புதன்கிழமைக் குப்பி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் குப்பி கையில் சிக்கியதிலிருந்து அஞ்சலினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை படகு இறக்க வேண்டும். பட்டறையைப் பெருக்கிவிட்டு, பின்தூணில் மாட்டியிருந்த மாதா படத்துக்குப் புதுப் பூ வைக்கலாம் என்று பழைய பிளாஸ்டிக் பூவை எடுத்தாள். அதற்குப் பின்னால், படத்தடிப் பலகையில், இருமல் மருந்துக் குப்பி ஒன்று மூடியோடு நின்றது. உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. கழுத்தில் ஒட்டிய பிளாஸ்திரியில் அவள் கையெழுத்திலேயே ‘புதன், 12’ என்று எழுதியிருந்தது.

அது தண்ணீர் இல்லை, ஹார்ட்னர். பதினாறு நாளுக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டிய ஹார்ட்னர்.

புன்னைக்காயலில், தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், அவள் அண்ணன் பெனிட்டோ ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கிறான். அச்சுக்குள் கண்ணாடி நார் விரிப்பைப் போட்டு, ரெசின் பிசினை ஊற்றி உருட்டி, அடுக்கடுக்காக ஏற்றினால் படகு. ஆனால் ரெசின் தானாக இறுகாது. நாலு கிலோவுக்கு நாற்பது மில்லி ஹார்ட்னர் கலந்தால் அரைமணியில் கல்லாகிவிடும். கலக்காவிட்டால் மாசக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். முன்பெல்லாம் பெனிட்டோ டீ கிளாசில் கண்ணளவாக ஊற்றுவான். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்த தங்கச்சிக்கு அது பொறுக்கவில்லை. வாளிக்கு ஒரு குப்பி என்று காலையிலேயே அளந்து நிரப்பி, நாளும் தேதியும் எழுதி ஒட்டிவிடுவாள். சாயங்காலம் எல்லாக் குப்பியும் காலியாக இருக்க வேண்டும். இந்த முறையில் தப்பே வராது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளும் அவள்தான்.

கட்டி முடித்து நின்ற படகு வேறு யாருடையதும் இல்லை, அவள் புருஷன் வியாகுலத்தினுடையது.

ஓடிப்போய் நோட்டை எடுத்தாள். ரெசின் டிரம்மின் எடையைக் காலையும் மாலையும் எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. பன்னிரண்டாம் தேதி தொண்ணூற்றாறு கிலோ இறங்கியிருந்தது, அதாவது இருபத்துநாலு வாளி. நிரப்பிய குப்பியும் இருபத்துநாலு. அதில் ஒன்று இதோ, உடையாமல் கொள்ளாமல் கையில். கூடுதலாக ஒன்று நிரப்பித் தொலைத்திருக்கக்கூடாதா என்று ஏங்கினாள். ஐந்து முறை போட்டுப் பார்த்தும் கணக்கு அசைந்து கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் குப்பிகளை எண்ணியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வர, எண்ணாமல் ஓடிப் போயிருந்தாள்.

பெனிட்டோ படகின் ஓரத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். குப்பியை நீட்டினாள். அவன் அதைப் பார்த்த வேகத்தில் வாசலைத்தான் முதலில் பார்த்தான்.

“ஏட்டி, நூத்தம்பது வாளி ஊத்திருக்கோம். அதுல ஒண்ணு. மேலயும் கீழயும் நல்லா எறுகுன அடுக்கு இருக்கு. நடுவுல கொஞ்சம் பிசுபிசுன்னு கெடந்தா கடலுக்குத் தெரியவா போகுது?”

“கடலுக்குத் தெரியாம வேற யாருக்குண்ணே தெரியும்?”

“சரி, எங்கன இருக்குன்னு சொல்லு, இப்பவே வெட்டுதேன். எடந்தெரியாம முப்பத்திரண்டு அடியையும் கொத்தச் சொல்லுதியா?” அவன் குரல் தாழ்ந்தது. “மச்சாங்கிட்ட மூச்சு விட்ராத. படக ஆசீர்வதிக்கச் சாமியார் வாராரு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு.”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் படுத்தியது. இடுப்பு முடிச்சிலிருந்து ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து, படகின் முன்முனையிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். இறுகிய இடம் ‘டங்’ என்று கேட்கும், உள்ளே ஒட்டாத இடம் ‘டொப்’ என்று கேட்கும். சாணுக்கு ஒரு தட்டு. இரண்டு பக்கமும் தட்டினாள், அடியில் மல்லாக்கப் படுத்தும் தட்டினாள். எல்லா இடமும் ‘டங்’. வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து தட்டினாள், மறுபடி வெளியே போனாள். இன்ஜினைத் தொங்கவிடுகிற பின்பலகைக்கு வந்தபோதுதான் ‘டொப்’ என்றது. ஆனால் அங்கே எப்போதுமே அப்படித்தான் கேட்கும், உள்ளே மரப்பலகை வைத்திருக்கிறது. நல்ல படகிலும் அந்த இடம் ‘டொப்’தான். அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு மணி.

புன்னைக்காயலில் அந்த மணிக்கு யாரும் கையில் வேலையோடு நிற்க மாட்டார்கள். பெனிட்டோ பிரஷை வைத்துவிட்டு மாதா படத்தைப் பார்த்துத் திரும்பினான். அஞ்சலினும் காசைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். மூவேளை செபத்தை வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. பாதியில் அவள் கண் படத்தடிப் பலகையில் விழுந்தது. காசு இருந்தது மாதா படத்தடியில். குப்பி இருந்த அதே இடத்தில்.

அன்றைக்கும் இப்படித்தான். மூடியைத் திறக்கப் போன நேரம் மணி அடித்திருக்கிறது. குப்பியை வைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கிறாள். முடித்ததும், ஊற்றிவிட்டோம் என்ற நினைப்பில் வாளியைக் கலக்கியிருக்கிறாள். சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் மேலே அடுத்த விரிப்பையும் போட்டு அடுத்த வாளியையும் ஏற்றிவிட்டார்கள், அதனால் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. முன்முனையில் நின்றிருந்தால் குப்பியைத் தரையில்தான் வைத்திருப்பாள், அங்கிருந்து இந்தப் படத்தடிப் பலகை எட்டாது. அச்சு கிடந்ததும் இதே இடத்தில்தான். கை நீட்டினால் அது எட்டுகிற இடம் படகில் ஒன்றே ஒன்றுதான். அவள் இப்போது நிற்கிற இடம்.

பின்பலகை. இன்ஜின் உதறுகிற உதறலெல்லாம் இறங்குகிற இடம். வியாகுலம் நாள் முழுக்கச் சாய்ந்து நிற்கப் போகிற இடம்.

செபம் முடிந்த கையோடு வியாகுலம் உள்ளே வந்தான். கையில் கலர் காகிதத் தோரணம், முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் கண்ணைக் காட்டியது தெரிந்தும் அஞ்சலின் எல்லாவற்றையும் சொன்னாள். என் தப்புதான் என்பதை இரண்டு தடவை சொன்னாள். வெட்கத்தில் அவள் காது சுட்டது.

வியாகுலம் தோரணத்தைக் கீழே போடவில்லை. “மச்சான் என்ன சொல்லுதாரு?”

“ஒண்ணும் செய்யாதுன்னுதான்...” என்றான் பெனிட்டோ, தரையைப் பார்த்துக்கொண்டு.

“பொறவென்ன? காசத் தட்டித் தட்டி நீயே பயந்துக்கிட்டுக் கெடக்க. ஞாயித்துக்கெழம எறக்குதோம். பைய பாத்துக்கிடலாம்.”

அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிது. “சரி, எறக்குங்க. நானும் புள்ளையும் ஏறுதோம். இந்தப் பின்பலகைகிட்டயே உக்காருதோம். கண்ணுக்குக் கர மறையுத மட்டும் ஓட்டிட்டு வாங்க.”

வியாகுலம் பின்பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தோரணத்தை ஆணியில் மாட்டிவிட்டு, வெட்டுச் சக்கர கிரைண்டரைப் பிளக்கில் சொருகினான். நேற்று காய்ந்த நீலப் பெயிண்டில் அவனே சக்கரத்தை வைத்தான். வெள்ளைத் தூள் பறந்தது. மேல்பூச்சு போனது, முதல் அடுக்கு போனது, சக்கரம் திடீரென்று சத்தம் கம்மிப்போய் இழுத்தது. நிறுத்தினான். பதினாறு நாளாக உள்ளே அடைந்து கிடந்த இறுகாத பச்சை ரெசின் வாடை பட்டறை முழுக்க அடித்தது. அவன் வெட்டுக்குள் விரலை விட்டு வெளியே எடுத்தான். விரலோடு தேன்பாகு மாதிரி நூலிழுத்தது.

பெனிட்டோ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “சாமியார்கிட்ட நான் போய்ச் சொல்லுதேன்” என்றான்.

வியாகுலம் அந்த விரலைத் துணியில் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே நின்றான். பிசுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படகு இறங்கவில்லை. ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் பெனிட்டோ ‘வேல பாக்கி இருக்குவே’ என்ற ஒரே பதிலைச் சொன்னான். பச்சையாகக் கிடந்ததையெல்லாம் பலகை தெரிகிற மட்டும் செதுக்கி எடுக்கச் சனி முழுக்க ஆயிற்று. திங்கட்கிழமை காலை புது அடுக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். கடலுக்குப் போக வேண்டிய வியாகுலம் உருளை பிடித்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. தப்பு செய்தவள் என்ன பேசுவாள்.

மூன்றாவது வாளி ரெசினை எடை போட்டு வைத்தபோது மணி அடித்தது. மூன்று பேரும் மாதா படத்தைப் பார்த்துத் திரும்பிக் கை கூப்பினார்கள். பெனிட்டோ சத்தமாகச் செபம் சொல்ல, மற்ற இருவரும் பதில் சொல்லி வந்தார்கள். இரண்டாவது மங்கள வார்த்தைச் செபத்தில் வியாகுலத்தின் குரல் நின்றுபோனது.

கண்ணைத் திறக்காமலே கேட்டான். “ஏட்டி, ஊத்திட்டியா?”

அஞ்சலினும் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கைகளுக்கு நடுவில் பிடித்திருந்த குப்பியை அவன் காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். உள்ளே ஹார்ட்னர் களக் களக் என்றது.

“கையிலதான் இருக்கு. முடிச்சதும் நீங்களே ஊத்துங்க” என்றாள். அவன் கை கூப்பலிலிருந்து பிரிந்து வந்து குப்பியை வாங்கிக்கொண்டது. செபம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.