சாஸர் இல்லாத கோப்பை

சாந்தாவின் வீட்டு ஹாலில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் நான்கு அடுக்குகளிலும் பழைய பீங்கான் சாமான்கள். பொன்கோடு தேய்ந்துபோன தட்டுகள், மூடி தொலைந்த சர்க்கரைக் கிண்ணம், மூக்கு உடைந்து ஒட்டிய டீ கூஜா, ரோஜாப்பூ போட்ட சூப் கிண்ணங்கள். எல்லாமே யாரோ புழங்கி, யாரோ வேண்டாமென்று கழித்தவை.

அவள் பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் செவிலியர். காலை ஷிப்ட் முடிந்து துறைமங்கலத்துக்குத் திரும்பும் வழியில், பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிங்காரவேலுவின் பழைய சாமான் கடை இருக்கிறது. பித்தளைக்கும் இரும்புக்கும் ஆள் வரும். பீங்கானைச் சீந்துவார் இல்லை. அதனால் வருகிற பீங்கானையெல்லாம் சிஸ்டருக்கென்று ஒரு அட்டைப் பெட்டியில் அவர் போட்டுவைப்பார்.

அவளுடைய கணவர் ஜெயசீலன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அலமாரியைக் கடந்து போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

"ஊரான் வூட்டு எச்சியெல்லாம் நம்ம வூட்டு ஷோகேஸ்ல."

"எச்சி கழுவுனா போயிடும்ங்க" என்பாள் சாந்தா. அவள் ஏலாக்குறிச்சியில் கூலி வேலை செய்தவர்களின் மகள். அலுமினியத் தட்டைத் தவிர வேறெதுவும் பார்க்காமல் வளர்ந்தவள். ஒரு பீங்கான் கோப்பையைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த நிறைவை அவரிடம் விளக்க முடியவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடி மாதத்தில் சிங்காரவேலு நீலப்பூ போட்ட கோப்பைகளை எடுத்து வைத்திருந்தார். அரியலூரில் ஒரு பெரிய வீட்டை இடித்தபோது கிடைத்தவை. மெல்லிய பீங்கான், உள்ளே விரலை விட்டால் வெளியே நிழல் தெரிந்தது. கோப்பைகள் ஆறு, சாஸர்கள் ஐந்து. ஒன்று உடைந்திருக்கும் என்றார் அவர். ஒரே ஒரு கோப்பையின் அடியில் மட்டும் மிளகு அளவில் ஒரு தார்ப்புள்ளி இருந்தது. சாந்தா அந்தக் கோப்பையை ஒரு வெள்ளை சாஸரின் மேல் வைத்து, ஆறையும் வரிசையாக இரண்டாவது அடுக்கில் நிறுத்தினாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, தார்ப்புள்ளிக் கோப்பை மட்டும் சாஸரை விட்டு இறங்கி, அடுக்கின் கடைசி மூலையில் தனியாகக் கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, இப்போதுதான் கழுவியது போல.

அவள் கணவரைச் சந்தேகப்பட்டாள். அவர் அவளைச் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டரை மணிக்குத் திரும்பியபோது கோப்பை சாஸரின் மேல் சரியாக இருந்தது. நான்கு மணிக்கு மூலையில் கவிழ்ந்திருந்தது. மரப்பலகையில் மோதிரம் போல ஒரு தண்ணீர் வட்டம். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

ஜெயசீலன் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. செபமாலையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் போனது. கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்தி வைப்பது, மாதா படத்துக்குப் பூ மாற்றுவது போல சாந்தாவின் தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அவர்களுடைய மகள் வெற்றிச்செல்வியை வரதராஜன்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். வரும் சனிக்கிழமை வளையல் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டாரும் வருவார்கள். அவர்களுக்கு நீலப்பூ கோப்பைகளில் டீ கொடுக்க வேண்டும் என்று சாந்தாவுக்கு ஆசை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினாள். கழுவும்போது தார்ப்புள்ளி கையில் தட்டுப்பட்டது. அழுக்கு ஏன் இருக்க வேண்டும் என்று மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். சுத்தமாகப் போய்விட்டது. இனி ஆறில் எது அது என்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு எந்தக் கோப்பையும் கவிழவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள். அப்போது கொல்லைக் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

கதவைத் திறந்தாள். துவைக்கிற கல், வாழை மரம், கொடியில் அசையாமல் தொங்கும் துண்டு. வெயில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்தியதும் மறுபடியும் கேட்டது. முப்பது வருடம் வார்டில் இருமல் கேட்டவள் அவள். சளி இருமல், மூச்சு இரைக்கும் இருமல், காசநோய் இருமல் எல்லாம் தெரியும். இது நோயாளியின் இருமல் இல்லை. கூப்பிட உரிமை இல்லாத ஒருவர், தான் வந்திருப்பதைத் தெரிவிக்கத் தொண்டையைச் செருமுகிற சத்தம். வறண்ட தொண்டை.

புதன்கிழமை அவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள். நான்கு மணி, ஜன்னல் வழியாக வெயில் அலமாரிக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் முதல் கோப்பை சாஸரிலிருந்து மெல்ல எழும்பியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ கையில் எடுத்து அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பது போலிருந்தது. பிறகு சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. இரண்டாவது எழும்பியது, சாய்ந்தது, இறங்கியது. மூன்றாவது. நான்காவது. உடைந்துவிடக் கூடாதே என்ற பயம் அந்த அசைவில் இருந்தது. ஆறாவதும் இறங்கிய பிறகு அலமாரிக்குள் எதுவும் அசையவில்லை. சற்று நேரத்தில் கொல்லைப்புறம் செருமல் கேட்டது.

ஜெயசீலனின் முகம் வெளுத்துவிட்டது.

"சனிக்கிழம எம்பொண்ணு வாயும் வயிறுமா வரா. அதுக்குள்ள இந்தக் கோப்பையெல்லாம் வூட்ட வுட்டுப் போவணும். இல்லன்னா பாப்பா இங்க வர வேணாம். அங்கயே இருக்கட்டும்."

மகள் முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வரக் கூடாது என்றால் சாந்தாவுக்கு வேறென்ன இருக்கிறது? அன்று மாதா படத்தின் முன்னால் முழங்காலிட்டு, இது என்னவோ எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று மன்றாடினாள். படத்தின் கீழே 'அடைக்கல மாதா' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அடைக்கலம் தருகிறவளிடமே போய், ஒரு தாகத்தைத் துரத்திவிடச் சொல்லிக் கேட்கிறோமே என்று தோன்றியது. பாதியில் எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். சிங்காரவேலு விலாசம் சொன்னார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் அரியலூர் போய்ச் சேர்ந்தாள்.

இடிக்கப்பட்ட வீட்டின் சொந்தக்காரி சிந்தாமணிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். கல்லங்குறிச்சி ரோட்டில் மகனோடு வாடகை வீட்டில் இருந்தார். கோப்பைகளைப் பற்றிக் கேட்க ஒருத்தி பஸ் ஏறி வந்திருப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். சாந்தா சொன்னாள். சிந்தாமணி உள்ளே போய் டீ கொண்டுவந்தார். தனக்கு எவர்சில்வர் டம்ளர். சாந்தாவுக்குக் காகிதக் கப்.

சாந்தா அதைப் பார்த்தாள். வாங்கிக் கீழே வைத்துக்கொண்டு, தார்ப்புள்ளியைப் பற்றிக் கேட்டாள்.

சிந்தாமணி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். வயல் வேலைக்கு வருகிறவர்கள் நான்கு மணிக்குக் கொல்லையில் வந்து நிற்பார்கள். கூப்பிடமாட்டார்கள், லேசாகச் செருமுவார்கள். மாட்டுக்கொட்டகைக் கூரையில் அவர்களுக்கென்று கொட்டாங்கச்சி செருகியிருக்கும். அதில் வீட்டார் உயரத்திலிருந்து டீ ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். சிந்தாமணி கல்யாணமாகி வந்த புதிதில், வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், விருந்தாளிக்காகக் கொல்லைப்பக்கம் ஆற வைத்திருந்த டீயைத் தனக்கென்று நினைத்துக் குடித்துவிட்டார். நீலப்பூ கோப்பை.

"எங்க மாமியார் பாத்துட்டாங்க. சாஸர அந்தாளு கால்மாட்டுலயே போட்டு ஒடச்சாங்க. கோப்பையில தார் வெச்சி, இனிமே இதான் ஒனக்குன்னு கொட்டாயில சொருகிட்டாங்க. அதுலேர்ந்து அந்தாளு எதக் குடுத்தாலும் அடியத் திருப்பிப் பாத்துட்டுத்தான் வாய் வெப்பாரு. கடைசி வரைக்கும்."

"பேரு என்னங்க?"

சிந்தாமணி யோசித்தார். நினைவில்லை என்று தலையசைத்தார். அவர் கண் சாந்தாவின் அருகில் தொடப்படாமல் இருந்த காகிதக் கப்பின் மேல் போய் நின்றது. எழுந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் தன்னுடையதைப் போலவே இன்னொரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. சூடாக வேறு டீ. இருவரும் குடித்தார்கள். சாந்தா டம்ளரைக் கழுவ எழுந்தபோது சிந்தாமணி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

தெருமுனை வரை போனபின் பின்னாலிருந்து குரல் கேட்டது. சிந்தாமணி வெயிலில் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

"செல்லக்கண்ணு. அவரு பேரு செல்லக்கண்ணு."

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட ஜெயசீலன் நீண்ட நேரம் வாயிற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் பண்ணையில் வேலை செய்தவர்தான். கடைசியில், அப்படியானால் செய்வது சுலபம் என்றார். புள்ளியைத் திரும்ப வைத்துவிட்டால் போதும். தன் கோப்பை எது என்று தெரிந்துவிடும். முன்போல அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பாப்பாவும் வரலாம்.

அது சரியான யோசனையாகத்தான் தோன்றியது. குளுக்கோஸ் பாட்டிலில் நேரம் குறிக்கிற கறுப்பு மார்க்கரைச் சாந்தா கைப்பையிலிருந்து எடுத்தாள். அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையைக் கவிழ்த்தாள். பேனா முனை அடிப்பாகத்துக்கு அருகில் போய் நின்றுவிட்டது. அந்த மாமியார் தார்க்குச்சியை இப்படித்தான் பிடித்திருப்பாள். செத்துப்போன பிறகும் ஒரு மனிதர் தன் கோப்பையைத் தேடுகிறார். அந்தக் கொட்டகையை நம் வீட்டிலேயே கட்டி, அவரை அதில் நிறுத்தி வைப்பதா?

பிறகு அவள் புள்ளி வைத்தாள். வைத்துவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாள். அதற்கும் வைத்தாள். ஆறுக்கும் வைத்தாள். தட்டுகளுக்கு, கிண்ணங்களுக்கு, ஒட்டிய கூஜாவுக்கு, சாஸர்கள் எல்லாவற்றுக்கும். ஜெயசீலன் முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து அவளிடம் நீட்டத் தொடங்கினார். சமையலறையில் அவர் தினமும் டீ குடிக்கிற டம்ளரையும் எடுத்துவந்தார்.

"இதுக்கும் வெய்யி" என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேசையில் மூன்று நீலப்பூ கோப்பைகளை வைத்தாள். மூன்றுக்கும் நீலப்பூ சாஸர். இஞ்சி தட்டிப் போட்ட டீ ஊற்றினாள். மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொல்லைப்புறம் செருமல் கேட்டது. அவள் போய்க் கதவைத் திறந்து, யாருமில்லாத வெயிலைப் பார்த்துச் சொன்னாள்.

"செல்லக்கண்ணு ஐயா, உள்ள வாங்க. எதுல வேணாலும் குடிக்கலாம். எல்லாம் ஒங்களுதுதான். கழுவ வேணாம்ங்க, நான் கழுவிக்கிறேன்."

இருவரும் உட்கார்ந்தார்கள். ஜெயசீலன் தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். எதிரே இருந்த கோப்பை எழும்பியது. சாய்ந்தது. டீ ஒரு சொட்டும் சிந்தவில்லை; அடிப்பாகத்துப் புள்ளி அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது. பிறகு அலமாரிக்குள் ஒரு கோப்பை சாய்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது; கீழ் அடுக்கில் தட்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து படுத்தன. வீடு முழுக்கப் பீங்கான் சத்தம், மழை தொடங்குவது போல. ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார். சாந்தா மூடவில்லை.

சத்தம் அடங்கியது. மேசையில் அந்தக் கோப்பை இன்னும் காற்றில் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரம் நின்றது. பிறகு டீ குறைய ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல்.

அது சாஸரின் மேல் இறங்கியபோது கவிழவில்லை. நிமிர்ந்தே இருந்தது. அடியில் ஒரு வாய் டீ மண்டி. உதடு பட்ட இடத்தில் ஒரு கறை. கழுவாத கோப்பை. சாந்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துப்போய், தன் கணவரின் கோப்பையோடும் தன்னுடையதோடும் சேர்த்துக் கழுவினாள்.

சனிக்கிழமை வெற்றிச்செல்வி கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாள். சம்பந்தி வீட்டார் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கோப்பைகள் அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். மணி நான்காகப் போகிறது. சாந்தா அடுப்பில் மறுபடி பால் வைத்திருந்தாள். ஜெயசீலன் மகளுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெற்றிச்செல்வி தலையைத் திருப்பினாள்.

"அம்மா, வாசல்ல யாரோ செருமுற மாதிரி இருக்கு."

சாந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொல்லைப்புறம் அமைதியாக இருந்தது. சத்தம் தெருப்பக்கத்து முன்வாசலிலிருந்துதான் வந்தது.

"கதவு தெறந்துதான் இருக்கு" என்றார் ஜெயசீலன். எழுந்துபோய் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.