பெரியப்பா கொடுத்த பதவி

பெரியப்பா ஏகாம்பரம் எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் ராணுவ லாரி ஓட்டியவர். சித்தூருக்குத் திரும்பி வந்த பிறகும் பட்டாளம் அவரை விடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பதவி கொடுத்திருந்தார். குழம்பில் உப்புக் குறைந்தால் பதவி இறங்கும், காபி நன்றாக இருந்தால் ஏறும்.

அவருடைய கருமாதிப் பந்தியில் அதே பேச்சுதான்.

"மிளகு ரசத்துக்காக என்னை சுபேதார்லருந்து சிப்பாயா இறக்கினாரு நைனா" என்று அவர் மகள் செல்வி பெருமையடித்தாள்.

"நீயாவது சிப்பாயி. என்னைப் பட்டாளத்த வுட்டே தொரத்தினாரு உங்க நைனா" என்றான் அவள் புருஷன் ஜெயச்சந்திரன். பந்தியே சிரித்தது.

ஏகாம்பரத்தின் தம்பி மகன் கமலக்கண்ணன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். வருஷக்கணக்காகப் பெரியப்பாவைக் கைபிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவன் அவன்தான். அவனுக்கு மட்டும் அவர் எந்தப் பதவியும் கொடுக்கவில்லை; விருந்தாளியைப் போல 'வாப்பா' என்றே கூப்பிட்டார். ஒருநாள்கூடத் திட்டியதில்லை.

"உனுக்கு என்னாண்ணா குடுத்தாரு?" என்று செல்வி கேட்டாள்.

"கேப்டன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதான பார்த்தேன்! எந்நேரமும் உன்னியே தேடிக்கினு இருந்தாரே!"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். கமலக்கண்ணன் இலையை மடித்தான். இல்லாத அந்தக் கேப்டன்மேல் அவனுக்கு வயிறெரிந்தது.