நாடகத்தைப் பார்க்காதவள்

சம்பந்தி வீட்டாரை வருந்தி வருந்தி நாடகத்துக்கு அழைத்துப் போனவள், நாடகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். மேடைப் பக்கம் அவள் கழுத்து திரும்பினால்தானே? பக்கத்து இருக்கைகளில் இருந்த இரண்டு முகங்களையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய தம்பி சிறையிலிருந்து வந்துவிட்டான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, சைக்கிளில் போன ஒரு மனிதரின் காலைப் போக்கிவிட்டு உள்ளே போனவன். சம்பந்தம் பேசப் போன அன்று, "பையனுக்குத் தாய்மாமா இருக்காரா?" என்று சம்பந்தியம்மா கேட்டதும், "இருக்கான், வெளியூர்ல வேலை" என்று இவள் வாயில் வந்துவிட்டது. அந்த வெளியூரிலிருந்து திரும்பியவன் இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இருந்தான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் வீட்டுக்கு வா என்று சொன்னதும் இவள்தான். "சரிக்கா" என்றுவிட்டான். அவன் ஒரு சண்டை போட்டிருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

கூடப் பிறந்தவன் இல்லாமல் மகன் கல்யாணமா என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லப்போய்க் கல்யாணமே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. "சொல்லிடலாம்மா, என்ன இப்போ" என்றான் மகன். கல்யாணக் களையில் இருப்பவனுக்கு எல்லாம் சுலபம்தான். இந்தச் சமயம் பார்த்து, அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைச் சுவரில் ஒரு நாடகச் சுவரொட்டி ஒட்டினார்கள். சிறையிலிருந்து வந்தவன் தெரியாத ஊரில் நல்லபடியாக வாழப் பார்க்கிற கதையாம். இதைக் காட்டி ஆழம் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். உருகினால் சொல்லிவிடுவது; முகம் சுளித்தால் வாயை மூடிக்கொள்வது. கடைக்கு வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே தலைவலியா வயிற்றுவலியா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுகிறவள் அவள். இந்த இரண்டு முகங்களைப் படிக்க முடியாதா?

விளக்கு அணைந்ததும் அவளுடைய கணவர் தூங்கிப்போனார். அவரை விட்டுவிடலாம், அவர் சொந்தக் கல்யாணத்திலேயே கண்ணசந்தவர். சம்பந்தி, சோபா வியாபாரி, நல்ல இளகின மனசுக்காரர். மேடையில் அந்த ஆள் ரொட்டிக்கடையில் வேலை கேட்டு நின்றபோதே கைக்குட்டையை எடுத்துவிட்டார். சம்பந்தியம்மா கணக்கு டீச்சர். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கல்லுளிமங்கி என்று சொல்வார்களே, அதுதான்.

ரொட்டிக்கடையில் கடிகாரம் ஒன்று காணாமல் போனது. பழி நேரே அந்த ஆள் தலையில் விழுந்தது. அரங்கமே இரண்டுபட்டது. பின்வரிசையில் ஒருவர், "அவன் எடுக்கலைய்யா!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார். முன்வரிசையில் ஒரு பெண், "யார் கண்டா, எடுத்தாலும் எடுத்திருப்பான்" என்று பக்கத்தில் முணுமுணுத்தாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். நம் மருந்துக்கடைக்காரிக்கோ ஒவ்வொரு குரலும் தன் தம்பியைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்டது.

இடைவேளையில் டீயை வைத்துக்கொண்டு மெல்ல நூல் விட்டாள். "நிஜத்துல இப்படி ஒருத்தர் நம்ம வாசல்ல வந்து நின்னா என்ன செய்வோம்?"

"என்ன கேள்வி இது? கட்டிப் பிடிச்சுப்பேன் சம்பந்தி!" என்றார் சோபா வியாபாரி. குரல் தழுதழுத்தது.

டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டே, "யாரையோ அடிச்சுட்டுத்தானே ஜெயிலுக்குப் போனான்? அடி வாங்கினவன் என்ன ஆனான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

இவள் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். ஒரு முகம் திறந்த கதவு, இன்னொன்று பூட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். கடைசிக் காட்சியில் அந்த ஆள் கொட்டும் மழையில் ரொட்டிக்கடைக் கதவைத் தட்டினான். திறந்தார்களா இல்லையா என்று காட்டாமலே விளக்கை அணைத்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. சோபா வியாபாரி எழுந்து நின்று தட்டினார்.

வெளியே வந்தால், வாசல் கூடத்தில் அந்த நடிகனே நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். ஒட்டுத்தாடியைக்கூட எடுக்கவில்லை. சோபா வியாபாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "அழ வச்சுட்டியேப்பா" என்றார். பிடித்தது ஒரு கைதான். மற்றொரு கை தானாகப் போய்ச் சட்டைப் பையிலிருந்த பர்ஸை அமுக்கிக்கொண்டது. அது அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து பகீரென்றது. இத்தனை நேரம் பார்த்த கண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆண்கள் இருவரும் வண்டி எடுக்கப் போனார்கள். டீச்சர் இவள் கையைப் பிடித்துத் தூண் ஓரமாக நிறுத்தினார்.

"நாடகம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சம்பந்தி."

"நீங்க எங்கே பார்த்தீங்க? என் மூஞ்சியத்தானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பரீட்சை ஹால்ல நின்னு நின்னே பாதி வயசு போச்சு எனக்கு. எந்தப் பிள்ளை பேப்பரைப் பார்க்குது, எது பக்கத்துல பார்க்குதுன்னு எனக்குத் தெரியாதா? அதுவும் ஜெயில்ல இருந்து வந்தவன் கதைக்கு எங்களை இழுத்துட்டு வந்து. சொல்லுங்க, உங்க தம்பி எந்த வெளியூர்ல இருக்கார்?"

குட்டு உடைந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குடியை, வண்டியை, சிறையை. சொல்லும்போதே அழுகை வந்தது. தம்பிக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நேரா சொல்லியிருக்கலாமே. அதுக்கு எதுக்கு இத்தனை நாடகம்?" என்றார் டீச்சர். பிறகு, "அந்தக் கால் போனவர் எப்படி இருக்கார்?"

"கட்டைக்கால் வச்சு நடக்கிறார். தம்பி வெளியில வந்ததும் முதல்ல அவர் வீட்டுக்குத்தான் போனான். அவங்க கதவைத் திறக்கலை. மறுபடியும் போயிருக்கான். அப்பவும் திறக்கலை."

டீச்சர் பிடித்த கையை விடாமல் சொன்னார்: "கல்யாணம் நிக்காது, பயப்படாதீங்க. அதுக்காக உங்க தம்பியைப் பார்த்ததும் நான் உருகிடுவேன்னு நினைக்காதீங்க. எனக்கு நாளாகும். அவர் வரட்டும், உட்காரட்டும். பேச்சு வர்றப்ப வரும்."

இவளுக்கு அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பூட்டு என்று நினைத்த முகத்தைப் பற்றி வெட்கமாகவும் இருந்தது.

"இப்ப எங்கே இருக்கார்?"

"லாட்ஜ்ல."

"ஏன், உங்க வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டாரா?"

ஊரார் முகத்தையெல்லாம் படித்தாளே, தம்பி பையோடு வாசலில் வந்து நின்ற அன்று தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தாளா? வாசலிலேயே நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு அனுப்பியது அவள்தானே.

"நான்தான் அங்கே வச்சேன்" என்றாள்.

டீச்சர் திட்டவில்லை. "எங்க வீடு இருக்கட்டும். முதல்ல உங்க வீட்டுக் கதவைத் திறங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டி வந்த பக்கம் நடந்தார்.

அவள் அங்கேயே நின்று போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"டேய், துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. இப்பவே வா."

அவன் பதறிப்போய்க் கேட்டான்: "என்னக்கா ஆச்சு? என்னால கல்யாணம் நின்னுபோச்சா?"